சிறு பாய்மரப் படகில் பெருங்கடல் தாண்ட: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அடுத்த ஆசை வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள சொந்தப் படகு, இரண்டு மூன்று பேர், மூன்று வாரம் நிலமே தென்படாத பயணம். இதை அபூர்வமான வீரச்செயல் என்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்றவர்கள், குழந்தைகளோடு வரும் தம்பதிகள் என்று பலரும் ஆண்டுதோறும் அட்லாண்டிக்கைக் கடக்கிறார்கள். ஆனால் கரையோரப் பயணத்துக்கும் இதற்கும் ஒரு விஷயத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் உண்டு. நடுக்கடலில் எது உடைந்தாலும், கையில் இருப்பதை வைத்து நீங்களேதான் சரிசெய்ய வேண்டும்.

தயாரிப்பு என்றதும் புதியவர்கள் பட்டியல் போட்டுப் பொருள் வாங்கத் தொடங்குகிறார்கள். பொருள் வேண்டும்தான். ஆனால் உறை பிரிக்காத கருவி படகில் இருந்தும் இல்லாததற்குச் சமம். படகில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது கெட்டால் அடுத்து என்ன செய்வேன்? அதை இருட்டில், ஆடும் படகில், ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறேனா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்வியைச் சுற்றியவை.

முதல் படி: பருவத்தையும் பாதையையும் முடிவு செய்யுங்கள்

படகைத் தொடுவதற்கு முன் நாள்காட்டியை எடுங்கள். பெருங்கடல் பயணத்தில் பாதிப் பாதுகாப்பு சரியான மாதத்தில் கிளம்புவதில் இருக்கிறது. வட அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதனால்தான் கேனரி தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து கிளம்புகிறார்கள். வியாபாரக் காற்று நிலைபெற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும், அதாவது ஏப்ரல்–ஜூன், அக்டோபர்–டிசம்பர் மாதங்களில், புயல்கள் உருவாகின்றன. அங்கே மேற்கு நோக்கிப் போக ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றுதான் ஏற்றது.

ஒவ்வொரு மாதமும் எந்தக் கடலில் எந்தத் திசைக் காற்று எவ்வளவு வீசும், அலை எவ்வளவு உயரும் என்பதைப் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து தொகுத்த பைலட் வரைபடங்கள் இருக்கின்றன. பாதையை அவற்றிலிருந்து வரையுங்கள். வானிலை மாதிரிகள் தரும் கிரிப் கோப்புகளை முதல் ஐந்தாறு நாளுக்கு மட்டும் நம்பலாம். அதற்கு அப்பால் பருவத்தின் பொதுக் குணத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கோப்பில் தெரியும் காற்றின் வேகம் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். திடீர் வீச்சு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். மழைமேகத்தின் அடியில் வரும் சூறைக்காற்று அந்தக் கோப்பில் தெரியவே தெரியாது.

அடுத்து, எத்தனை நாள் ஆகும்? கேனரியிலிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,700 கடல் மைல். சிறு படகு சராசரியாக ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், போனால் நாளுக்கு 120 மைல். ஆக 23 நாள். காற்று செத்துப்போகலாம், பாய்மரம் உடைந்து அரைவேகத்தில் ஊர வேண்டியிருக்கலாம். எனவே தண்ணீர், உணவு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்குக்குக் கணக்கிடுங்கள், அதாவது 34 நாளுக்கு.

ஒரு முக்கியமான விஷயம். புறப்படும் தேதியை விமான டிக்கெட்டோடு கட்டிப்போடாதீர்கள். "பதினைந்தாம் தேதி கிளம்பியே ஆக வேண்டும், அங்கே உறவினர் வந்து காத்திருப்பார்" என்ற நெருக்கடிதான் நல்ல மாலுமிகளையும் மோசமான வானிலையில் கடலுக்குள் தள்ளுகிறது. வழியனுப்புகிறவர்களிடம் வாரத்தைச் சொல்லுங்கள், நாளைச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: படகை அடியிலிருந்து உச்சிவரை பாருங்கள்

குறைந்தது ஆறு மாதம் முன்பே படகைக் கரையேற்றிப் பார்த்துவிட வேண்டும். படகின் அடிப்பகுதியில் கடல்நீர் போய்வரும் துளைகளை மூடும் வால்வுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போனதை மாற்றுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில், அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பீறிடும்போது கட்டையைத் தேடி அலமாரியைக் குடையும் நிலை வரக்கூடாது. தண்ணீர் இறைக்க மின்சாரப் பம்பு ஒன்று போதாது. சுக்கான் பக்கத்திலிருந்தே கையால் இயக்கும் பம்பு ஒன்றும், உள்ளே இன்னொன்றும் வேண்டும். வாளி இரண்டும் இருக்கட்டும்.

சுக்கானுக்குத் தனிக் கவனம் வேண்டும். இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தாங்கி தேய்ந்திருந்தால் இடைவெளி கையில் தெரியும். சக்கரத்தால் இயக்கும் படகாக இருந்தால், சக்கரத்தின் கம்பி அறுந்தால் பயன்படுத்த அவசரச் சுக்கான்கோல் தந்திருப்பார்கள். பெரும்பாலான படகுகளில் அது பெஞ்சின் அடியில் தூசி படிந்து கிடக்கிறது. அதை எடுத்து மாட்டி, அலை உள்ள நாளில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சில படகுகளில் அது பெஞ்சில் இடித்து முழுதாகத் திரும்பாது என்பது அப்போதுதான் தெரியவரும். சுக்கானே போய்விட்டால், பின்புறம் இழுவைத் துணி அல்லது வாளியைக் கட்டி இரு கயிறுகளால் இழுத்துத் திசை திருப்பும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். மிதக்கும் மரத்தில் மோதிச் சுக்கான் உடைவதுண்டு. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரத்தில் ஓர்கா திமிங்கிலங்களே பல படகுகளின் சுக்கான்களை முட்டி உடைத்திருக்கின்றன.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களை உச்சிவரை ஏறிப் பாருங்கள். வடத்தின் முனையை இறுக்கிப் பிடித்திருக்கும் குழல்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஒரு இழையாவது அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வடங்களின் வயது தெரியாது, அல்லது பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. செலவுதான். ஆனால் பாய்மரம் சாய்ந்தால் படகின் ஒரு பக்கச் சுவரையே அது கிழிக்கும். சாய்ந்த மரத்தை வெட்டிவிட வடம் அறுக்கும் கத்தரியும் இரும்பறுக்கும் வாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிளவு ஊசிகள் சின்னச் சாமான்; ஒன்று உதிர்ந்தால் பெரிய ஆணி கழன்று மரமே விழும். ஒவ்வொரு ஊசியும் இருக்கிறதா, விரித்து மடக்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

கரையோரத்தில் தெரியாத எதிரி ஒன்று பெருங்கடலில் உண்டு. அது தேய்மானம். பின்காற்றில் படகு இடமும் வலமும் சாய்ந்துகொண்டே போகும். நான்கு வினாடிக்கு ஒரு சாய்வு என்று வைத்தாலும் நாளுக்கு 21,600 முறை. ஒவ்வொரு சாய்விலும் பாயேற்றும் கயிறு உச்சிக் கப்பியில் அதே இடத்தில் உரசுகிறது. வார இறுதிப் பயணத்தில் பல ஆண்டு உழைக்கும் கயிறு இப்படி ஒரே வாரத்தில் மேலுறை கிழிந்து, உள்ளிழை பஞ்சாகப் பிரிந்துவிடும். இதற்கு மருந்து எளிது. தினமும் ஒருமுறை கயிற்றை நான்கு விரல்கடை இழுத்தோ தளர்த்தியோ விடுங்கள். உரசும் இடம் மாறிவிடும். காலையில் வெளிச்சம் வந்ததும் அணியத்திலிருந்து பின்புறம்வரை ஒரு நடை நடந்து ஒவ்வொரு கயிற்றையும், ஆணியையும், பாயின் தையலையும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். மேல்தளத்தில் தனியாக ஒரு ஆணியோ வளையமோ கிடந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்காமல் காலை உணவுக்கு உட்காரக்கூடாது.

பெரிய பாயின் அடிக்கட்டையை, அதாவது பூமை, முன்னோக்கி இழுத்துக் கட்டும் தடுப்புக் கயிறு பின்காற்றில் கட்டாயம். அது இல்லாமல் படகு கொஞ்சம் திசை மாறினால் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிவரும். வழியில் தலை இருந்தால் அவ்வளவுதான். பூமின் கடைசி முனையிலிருந்து அணியம்வரை போய், அங்கிருந்து ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பும்படி கயிற்றை அமையுங்கள். அவிழ்க்க யாரும் முன்னால் போக வேண்டியிராது.

மூன்றாம் படி: மின்சாரக் கணக்கும் எஞ்சினும்

மின்சாரத்தைத் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 96 ஆம்பியர்-மணி. திசை, வேகம், ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் கருவி) ஆகியவற்றுக்கு 36. குளிர்சாதனப் பெட்டிக்கு 50. விளக்கும் மற்றதும் 10. மொத்தம் 192 வந்துவிட்டது. 12 வோல்ட் அமைப்பில், 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 65 ஆம்பியர்-மணி அளவுதான் தரும். பாயின் நிழல் விழுந்தால் அதுவும் குறையும். காரீய-அமில மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பார்த்தாலே பெரிய செலவாளி யார் என்று தெரிகிறது. அதனால் காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகட்டுக் கருவியை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, காற்று வலுத்தால் அதன் பலமும் வலுக்கும். ஆட்டோபைலட் துணைக்கு இருக்கட்டும். இரண்டும் கெட்டால் சுக்கானைக் கையால் பிடிக்க ஆள் கணக்கு போதுமா என்றும் பாருங்கள். இரண்டே பேர் மாறி மாறி மூன்று வாரம் கையால் ஓட்டுவது மனித உடம்புக்கு முடிகிற காரியமல்ல.

எஞ்சினுக்குச் சுருக்கமாக: டீசல் வடிகட்டிகள் அரை டஜன், நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரம் இரண்டு, பட்டை இரண்டு, எண்ணெய். வடிகட்டியை மாற்றி எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதைப் படகில் உள்ள ஒவ்வொருவரும் செய்து பழக வேண்டும். கரையில் அசையாமல் நிற்கும் தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசடு, முதல் பெரிய அலையில் கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். தொட்டியை முன்பே சுத்தம் செய்யுங்கள்.

நான்காம் படி: தண்ணீரும் சமையலும்

ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர்: இரண்டு குடிக்க, ஒன்று சமைக்க. மூன்று பேர், 34 நாள் என்றால் 306 லிட்டர். பாத்திரம் கழுவ, குளிக்கக் கடல்நீர். இந்தத் தண்ணீர் முழுவதையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். இரண்டு தொட்டி, அவற்றுக்கிடையே மூடக்கூடிய வால்வு, அதற்கு மேல் தனிக் கேன்களில் குறைந்தது பத்து நாள் தண்ணீர். பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், மும்பையில் கட்டப்பட்ட 32 அடிப் படகான சுஹைலியில், 1968–69இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார். அந்தப் பயணத்தில் அவருடைய தொட்டித் தண்ணீர் கெட்டுப்போனது. மழைநீரைப் பிடித்துக் குடித்துத்தான் பயணத்தை முடித்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும், அது முதல் நாளே நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே தண்ணீர் ஏற்றுங்கள்.

உணவில், வாங்கிய அட்டைப்பெட்டிகளைப் படகுக்குள் கொண்டுவராதீர்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். காய்கறிகளைக் கரையிலேயே கழுவி உலர்த்துங்கள். முட்டைக்கோசு, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி வாரக்கணக்கில் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒருமுறை வைத்து எடுத்த முட்டை வெளியில் தாங்காது. கழுவாத புது முட்டையாக வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். டப்பா உணவின் மீது அழியாத மையால் பெயர் எழுதுங்கள். அடிக்குழியில் ஈரம் பட்டதும் காகிதச் சீட்டு உரிந்துவிடும்.

முதல் மூன்று நாளுக்கு உணவைச் சமைத்தே எடுத்துக்கொண்டு போங்கள். கடலுக்கு உடம்பு பழகும் நாட்கள் அவை. அடுப்படியில் நிற்க யாருக்கும் மனம் வராது. சமைக்கும்போது பிரஷர் குக்கர் பெரிய துணை: கவிழ்ந்தாலும் மூடி கழலாது. கொதிக்கும் பாத்திரத்தோடு நிற்கும்போது வெயிலானாலும் ரப்பர்க் கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கடலில் தீக்காயத்தைவிடக் கொடிய காயம் குறைவு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடிக்குழியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுவதைக் கைப்பழக்கமாக்குங்கள்.

ஐந்தாம் படி: ஆட்களும் இரவுக் காவலும்

கூட வருபவரைத் தேர்ந்தெடுப்பதில் அனுபவத்தைவிடக் குணத்தைப் பாருங்கள். கயிறு முடியத் தெரியாதவருக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். தூக்கம் கெட்டால் எரிந்து விழுபவரோடு மூன்று வாரம் பத்து மீட்டருக்குள் இருக்க முடியாது. கிளம்பும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: கடைசி முடிவு யாருடையது, செலவு எப்படிப் பங்கு, மது உண்டா இல்லையா, யாருக்கு என்ன நோய், என்ன மருந்து.

இரவில் இருவர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது பலருக்கும் ஒத்துவருகிறது. காவல் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் அடிவானம் மூன்று கடல் மைல் தூரம்தான். கப்பலின் விளக்கு உயரத்தில் இருப்பதால் தெளிந்த இரவில் பன்னிரண்டு மைலில் தெரியும். அந்தக் கப்பல் 20 நாட், நீங்கள் எதிரே 6 நாட் என்றால் 28 நிமிடத்தில் அது உங்கள் மீது. மழைத்தூறலில் ஐந்து மைலில்தான் தெரிகிறது என்றால் பன்னிரண்டு நிமிடம்கூட இல்லை. உங்கள் விளக்கோ அவர்களுக்கு இன்னும் தாமதமாகத் தெரியும்: 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்கவிளக்குக்கு விதிப்படி தேவையான தூரமே ஒரு மைல்தான். எனவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று முழு வட்டமும் பாருங்கள். பாய் மறைக்கும் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ஏ.ஐ.எஸ். கருவி கேட்பதோடு நில்லாமல் உங்கள் இருப்பிடத்தை அனுப்பவும் வேண்டும். ஆனால் அது கண்ணுக்கு மாற்று ஆகாது. எல்லாப் படகும் அதை வைத்திருப்பதில்லை.

கடல் மயக்கம் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் தங்காது. எந்த மாத்திரை உங்களைத் தூங்கவைக்கிறது என்பதைக் கரையிலேயே சோதித்துவிடுங்கள்.

ஆறாம் படி: படகிலேயே இருப்பதும், விழுந்தால் மீட்பதும்

ஆறு நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். இரண்டு மீட்டர் அலையில் தண்ணீருக்கு மேல் தெரியும் மனிதத் தலையை அந்தத் தூரத்தில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே விழாமல் இருப்பதே திட்டம். அணியத்திலிருந்து பின்புறம்வரை, இயன்ற அளவு படகின் நடுவாக, நாடாக்கயிறு கட்டுங்கள். உள்ளிருந்து மேலே காலடி வைக்கும் முன்பே, உடலில் அணியும் பாதுகாப்பு வாரான ஹார்னஸின் கொக்கியை மாட்ட வேண்டும். பிணைநாடா குட்டையாக இருக்கட்டும். விளிம்பைத் தாண்டி விழுந்து படகோடு இழுபடும் அளவுக்கு நீளமான நாடா காப்பாற்றாது. தன்னால் ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டின் வாயு உருளை இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். தொடையிடை வாரையும் போடுங்கள்; அது இல்லையென்றால் ஜாக்கெட் தலைக்கு மேல் கழன்றுவிடும். இரவில் தனியாக யாரும் காவல் இருக்கையை விட்டு முன்னால் போகக்கூடாது. தூங்குபவரை எழுப்பத் தயங்கக்கூடாது என்பதையும் சட்டமாக்குங்கள்.

விழுந்தவரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால் தூக்குவது இன்னொரு வேலை. நனைந்த உடையோடு சோர்ந்து கிடக்கும் மனிதரைக் கையால் இழுத்து ஏற்ற முடியாது. பாயேற்றும் கயிற்றை அவருடைய ஹார்னஸில் மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சால் தூக்க வேண்டும். உங்கள் படகில் உடல்வலு குறைந்தவர், வலு மிக்கவரைத் தூக்குவதாகவே ஒத்திகை பாருங்கள்.

உயிர்காப்புத் தெப்பம் பராமரிப்புக் காலம் தவறாமல் இருக்கட்டும். இழுத்து ஊதவைக்கும் கயிற்றின் முனை படகில் உறுதியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதில் ஏறும் அவசரம் வேண்டாம். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயல் தாக்கி 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். கைவிடப்பட்ட 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை பிறகும் மிதந்துகொண்டிருந்தன. படகு உண்மையில் அடியோடு போகும்போதுதான் தெப்பம்.

406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் செயற்கைக்கோள் சமிக்ஞைக் கருவி, அதாவது ஈபிர்ப், கட்டாயம் வேண்டும். அதைப் படகின் பெயரிலும், கரையில் தொலைபேசி எடுக்கும் ஒருவரின் எண்ணோடும் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத கருவி அழைத்தால் யார், எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும். மின்கலத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். இயக்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் ஒலிபரப்பும்.

உதவி வரும், ஆனால் உடனே வராது. தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியக் கடற்படை மாலுமி அபிலாஷ் டோமியின் படகு தென் இந்தியப் பெருங்கடலில் உருண்டு, பாய்மரங்கள் முறிந்து, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடிபட்டது. செப்டம்பர் 21ஆம் தேதி நடந்த விபத்துக்கு, பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பலான ஒசிரிஸ் 24ஆம் தேதி வந்து அவரை மீட்டது. எழ முடியாமல் படுத்தபடியே செயற்கைக்கோள் கருவி மூலம் சிறு குறுஞ்செய்திகள் அனுப்பினார். இதிலிருந்து இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தகவல் கருவி ஒன்றும், தண்ணீரும், மருந்துப் பையும் படுக்கையிலிருந்து கையை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வலியோடு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் அளவு மருந்தும் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: தொடர்பும் மருத்துவமும்

வி.எச்.எஃப். ரேடியோ கண்ணுக்கெட்டும் தூரத்துக்குத்தான். பாய்மர உச்சியில் ஆன்டெனா இருந்தால் பெரிய கப்பலோடு இருபது மைல் அளவில் பேசலாம். 16ஆம் அலைவரிசையை எப்போதும் திறந்து வையுங்கள். அதற்கு அப்பால் செயற்கைக்கோள் தொலைபேசி. கரையில் ஒருவரிடம் பாதை, ஆட்களின் விவரம், படகின் படம், மீட்பு மையத்தின் எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தினமும் ஒரு செய்தி என்று ஒப்புக்கொண்டால், செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது என்பதையும் எழுதுங்கள். கருவி கெட்டதற்காக ஒரு குடும்பம் கலங்கிப்போவதும், உண்மையான ஆபத்தில் யாரும் அசையாமல் இருப்பதும் இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

கிளம்பும் முன் பல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துப் பெட்டியை ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து தயார் செய்து, ஒவ்வொரு மருந்தின் அளவையும் எழுதி ஒட்டுங்கள். ரோமில் உள்ள சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் 1935 முதல் கடலில் இருப்பவர்களுக்கு இலவச மருத்துவ ஆலோசனை தருகிறது. அதன் எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள்.

எட்டாம் படி: புயலை எதிர்கொள்ளப் பழகுங்கள்

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் வரும்போதே சுருக்கிவிட வேண்டும். பகலில் ஐந்து நிமிடத்தில் செய்வது இரவில் இருபது நிமிடம் ஆகும், கைவிளக்கு எப்போதும் தவறான பக்கம் பார்க்கும். அதனால் கண்ணை நம்பாத ஏற்பாடு செய்யுங்கள். பாயேற்றும் கயிற்றில், ஒவ்வொரு சுருக்கத்துக்கும் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே தடித்த நூலால் சுற்றித் தைத்துவிடுங்கள்: முதல் சுருக்கத்துக்கு ஒரு சுற்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. இருட்டில் கயிறு விரலிடுக்கில் நழுவும்போது அந்த முண்டுகள் தட்டுப்படும். பாயின் இழுகயிற்றைத் தளர்த்து, ஏற்றுகயிற்றை முண்டு வரும்வரை இறக்கு, முன்மூலையைக் கொக்கியில் மாட்டு, ஏற்றுகயிற்றை மறுபடி இறுக்கு, பின்மூலைக் கயிற்றை வின்ச்சால் முறுக்கு, இழுகயிற்றை இழு. இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும்வரை துறைமுகத்திலேயே பழகுங்கள்.

காற்று மேலும் கூடினால் படகை நிறுத்திவைக்கும் கலை வேண்டும். முன்பாயின் சிறு பகுதியைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, படகு காற்றை நோக்கித் திரும்பும் வகையில் சுக்கானையும் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, படகு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தபடி அமைதியாகும். சமைக்கலாம், தூங்கலாம், ஆணி முடுக்கலாம். ஒவ்வொரு படகுக்கும் பாயின் அளவு மாறும். உங்கள் படகுக்கு எது என்று நல்ல காற்றுள்ள நாளில் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். அதற்கும் மேலே போனால், பின்னாலிருந்து இழுத்து வேகத்தைக் குறைக்கும் தொடர் இழுவைக் கூம்புகள். சிறு படகைக் கவிழ்ப்பது பக்கவாட்டில் வந்து உடையும் அலை. எது செய்தாலும் படகின் பக்கத்தை அலைக்குக் காட்டக்கூடாது.

ஒன்பதாம் படி: இரண்டு இரவு ஒத்திகை

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது, முழுச் சுமையும் ஏற்றி, அதே ஆட்களோடு, கரையிலிருந்து விலகி இரண்டு இரவு மூன்று பகல் கடலில் இருங்கள். காவல் முறை, சமையல், தூக்கம் எல்லாம் உண்மையான பயணம்போலவே நடக்கட்டும். முதல் இரவில் ஆட்டோபைலட்டை அணைத்துவிடுங்கள். இரண்டாம் இரவில் அறிவிப்பில்லாமல் எல்லா மின்சாரத்தையும் துண்டித்து, காகித வரைபடத்திலும் திசைகாட்டியிலும் வழி பாருங்கள். சாய்ந்த படகில் எந்த அலமாரிக் கதவு திறந்துகொள்கிறது, எந்தப் படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது, யார் சோர்ந்துபோகிறார்கள் என்று வேறு எந்த வழியிலும் தெரியாது. திரும்பியதும் பெரிய பட்டியல் ஒன்று கையில் இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் அந்த ஒரு மாதம்.

கடைசி நாட்கள்

கடவுச்சீட்டு, படகுப் பதிவுச் சான்று, காப்பீடு, போகும் நாட்டின் விசா, கிளம்பும் துறைமுகத்தின் அனுமதிச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத உறையில் வையுங்கள். சேரும் துறைமுகத்தில் சோதனை முடியும்வரை ஏற்ற மஞ்சள் கொடியும், அந்த நாட்டின் கொடியும் வேண்டும்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் எந்தப் புது வேலையையும் தொடங்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள். காலையில் வானிலையைப் பாருங்கள். முதல் மூன்று நாளுக்கு மிதமான காற்று இருந்தால் மட்டும் கயிறை அவிழுங்கள். துறைமுகத்தைத் தாண்டியதும் நங்கூரத்தை இறுக்கிக் கட்டி, சங்கிலி இறங்கும் துளையை அடைத்துவிடுங்கள். முன்னறைக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான். முதல் இரவு தேவையைவிட ஒரு சுருக்கம் கூடுதலாகப் பாயைக் குறைத்தே போங்கள். வேகம் போனால் போகட்டும். சூரியன் மறைவதற்கு முன் எல்லோரும் சாப்பிட்டு, கொக்கி மாட்டி, கைவிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதல் காவலைத் தொடங்குங்கள்.